சூழல் வாதத்தில் ஒரு தொடர்பியல் பேராசிரியர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழக ஆசிரியர்கள் சூழல் இயக்கங்களில் ஈடுபடுவது குறித்துத் தங்கள் நாளிதழின் கருத்துப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஆய்வாளர் ஒருவர் ஒரு தரப்பில் போய் நின்றுவிட்டால் அதன்பின் அவருடைய ஆய்வை நம்புவதற்கில்லை என்பதும், ஆசிரியரின் கடமை வகுப்பறையோடு முடிந்துவிடுகிறது என்பதும் அக்கட்டுரையின் சாரம். கல்லூரியில் இதழியலும் தொடர்பியலும் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதற்கு மறுமொழி எழுத வேண்டும் என்று தோன்றியது. பொதுவாக வாதிடுவதைவிட, இந்தக் கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்த ஒருவரின் பணியை எடுத்துக்காட்டுவது பயன்படும் என்று கருதுகிறேன். அவர் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில், சேப்பல் ஹில் வளாகத்தில், தொடர்பியல் பேராசிரியராக இருந்த ஜே. ராபர்ட் காக்ஸ்.

தமிழ் வாசகர்களுக்கு அவர் பெயர் அதிகம் அறிமுகமாகியிருக்காது. அவருடைய துறை சொல்வன்மை. ஒருவர் மற்றவரை எவ்வாறு இணங்க வைக்கிறார், எந்த வகையான வாதம் எந்த அவையில் எடுபடுகிறது என்று ஆராயும் அந்தப் பழைய கலையைச் சூழல் பிரச்சினைகளின் பக்கம் திருப்பியவர்களில் அவர் முக்கியமானவர். சூழல் தொடர்பியலுக்கென 2006இல் அவர் எழுதிய பாடநூல் பல பதிப்புகளைக் கண்டிருக்கிறது. பிற்காலப் பதிப்புகளில் பேராசிரியர் ஃபீட்ரா பெசுல்லோ இணையாசிரியராகச் சேர்ந்தார். இதே மனிதர்தான் 1994 முதல் 1996 வரையும், 2000–01இலும், மீண்டும் 2007–08இலும் சியரா கிளப்பின் தலைவராக இருந்தார். ஜான் மியூர் முதலானோர் 1892இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய அந்த அமைப்பு, அமெரிக்காவின் மிகப் பழைய, மிகப் பெரிய சூழல் அமைப்புகளுள் ஒன்று. உறுப்பினர்கள் வாக்களித்து பதினைந்து பேர் கொண்ட இயக்குநர் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் குழு தலைவரைத் தேர்கிறது. சம்பளம் பெறும் நிர்வாக இயக்குநர் பதவி வேறு. தலைவர் பதவி தொண்டருக்குரியது. ஆக, காக்ஸ் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு இயக்கத்துக்குப் போனவரும் அல்லர், இயக்கத்திலிருந்து களைத்துப் போய்ப் பல்கலைக்கழகத்தில் ஒதுங்கியவரும் அல்லர். இரண்டையும் ஒரே காலத்தில் செய்தவர். கட்டுரையாளர் எதைக் கூடாது என்கிறாரோ, அதன் முழு வடிவம் அவர்.

அவருடைய கல்விப் பணியில் நான் முதலிடம் தருவது 1982இல் சொல்வன்மைத் துறையின் முதன்மையான ஆய்விதழில் வெளியான ஒரு கட்டுரைக்கு. பெல்ஜியத் தத்துவ அறிஞர் ஹயிம் பெரல்மானும் லூசி ஒல்பிரெக்ட்ஸ்-டிடெக்காவும் வாதக்கலை பற்றி 1958இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய பெருநூலில், ‘போனால் திரும்பாதது’ என்ற வாத நிலையைச் சிறிதளவே தொட்டுச் சென்றிருந்தனர். காக்ஸ் அதை எடுத்து விரித்தார். ஒரு பொருள் தன்னிகரற்றது, அது உறுதியற்ற, ஆபத்தான நிலையில் இருக்கிறது, இப்போதே செயல்படாவிட்டால் காலம் கடந்துவிடும் என்ற மூன்றும் சேரும்போது அந்த வாதத்துக்கு ஒரு தனி வலிமை வந்துவிடுகிறது. முடிவெடுப்பவர்கள் தொலைதூர எதிர்காலத்தையும் கணக்கில் கொள்ள நேர்கிறது. இன்னும் கூடுதலான தகவல் வேண்டும் என்று தேட நேர்கிறது. குறைந்தபட்சம் இதையாவது இழக்கக் கூடாது என்று ஓர் எல்லையை வகுக்க நேர்கிறது. வழக்கத்துக்கு மாறான நடவடிக்கைகளுக்கும் நியாயம் பிறந்துவிடுகிறது. காடழிப்பையோ அணைகளையோ எதிர்த்துப் பேசிய எவரும் உள்ளூர அறிந்திருந்த ஒன்றுதான் இது. ஆனால் அறிந்திருப்பது வேறு, அது எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துக் காட்டுவது வேறு. பிரித்துக் காட்டிய பிறகுதான் அந்த வாதத்தை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று கேட்க முடிகிறது.

அப்படிக் கேட்பதற்குச் சியரா கிளப்பின் சொந்த வரலாறே நல்ல இடம். 1960களில் கொலராடோ ஆற்றின் குறுக்கே, கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குப் பகுதியில் இரண்டு அணைகள் கட்ட அமெரிக்க அரசின் நீர்ப்பாசனத் துறை திட்டமிட்டது. அப்போது கிளப்பின் நிர்வாக இயக்குநராக இருந்த டேவிட் பிரவர் 1966 ஜூனில் பெரிய நாளேடுகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். மறுநாளே அந்நாட்டு வரித் துறை, கிளப்புக்குத் தரும் நன்கொடைகளுக்கான வரிவிலக்கைக் கேள்விக்குள்ளாக்கிக் கடிதம் அனுப்பியது. பின்னர் அந்தச் சலுகை பறிபோயிற்று. நீர்த்தேக்கம் உருவானால் சுற்றுலாப் பயணிகள் படகில் சென்று பாறைச் சுவர்களை அருகிலிருந்து பார்க்கலாமே என்பது திட்ட ஆதரவாளர்களின் வாதங்களில் ஒன்று. பின்னர் வந்த ஒரு விளம்பரம் அதற்குப் பதிலாக, மேற்கூரையில் உள்ள மைக்கலாஞ்சலோவின் ஓவியங்களைப் பயணிகள் நெருங்கிப் பார்க்கட்டும் என்று சிஸ்டைன் தேவாலயத்தையும் தண்ணீரால் நிரப்பிவிடலாமா என்று கேட்டது. காக்ஸ் பின்னாளில் விளக்கிய மூன்று கூறுகளும் அந்த ஒற்றைக் கேள்விக்குள் அடங்கியிருப்பதைப் பார்க்கலாம். கிளப்பின் உறுப்பினர் எண்ணிக்கை வேகமாகப் பெருகியது. 1968இல் நிறைவேறிய கொலராடோ ஆற்றுப் படுகைச் சட்டத்தில் அந்த அணைகள் இடம்பெறவில்லை.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இந்த வெற்றியோடு நிறுத்திக்கொள்ளும். அதன்பின் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அணைகள் தரவிருந்த மின்சாரத்தை நிலக்கரியிலோ அணுசக்தியிலோ பெறலாம் என்று கிளப்பின் தரப்பே அன்று வாதிட்டது. அரிசோனாவின் உட்பகுதிக்குத் தண்ணீரை ஏற்றுவதற்கு வேண்டிய மின்சாரத்துக்காகப் பேஜ் நகரின் அருகே நவாஹோ அனல்மின் நிலையம் எழுந்தது. நவாஹோ, ஹோப்பி பழங்குடியினரின் நிலத்திலிருந்து வெட்டிய நிலக்கரி அதில் எரிந்தது. 2019 நவம்பரில் மூடப்படும் வரை பல பத்தாண்டுகள் அது புகைத்தது. உலகமே அறிந்த ஒரு பள்ளத்தாக்கைக் காத்த வாதம், உலகம் அறியாத மக்களின் நிலத்தில் சுரங்கத்துக்கு இடம் கொடுத்தது. அணைகளே வந்திருக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. ‘போனால் திரும்பாதது’ என்ற வாதம் யாருக்காக எளிதில் எடுபடுகிறது, யாருக்காக எடுபடுவதில்லை என்பதே இங்கே கேள்வி. அழகுக்குப் பெயர்போன இடத்துக்கு அது இயல்பாகவே பொருந்திவிடும். பெயரில்லாத ஊருக்கு?

அந்தப் பெயரில்லாத ஊர், காக்ஸின் கட்டுரை வெளியான அதே 1982இல், அவர் கற்பித்த அதே மாநிலத்திலேயே இருந்தது. 1978இல் வட கரோலினாவின் சாலையோரங்களில் ஏறத்தாழ 240 மைல் நீளத்துக்கு, பிசிபி என்னும் நச்சு வேதிப்பொருள் கலந்த எண்ணெயை இரவோடு இரவாகக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த மண்ணைச் சுரண்டியெடுத்துப் புதைப்பதற்கு மாநில அரசு தேர்ந்த இடம் வாரன் கவுன்ட்டியில் உள்ள ஆஃப்டன். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும், மாநிலத்திலேயே மிக ஏழ்மையான பகுதிகளுள் ஒன்று அது. 1982இல் மண் ஏற்றிய லாரிகள் வந்தபோது மக்கள் சாலையில் படுத்து மறித்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். தங்கள் ஊர் தன்னிகரற்றது என்று அவர்கள் வாதிடவில்லை. மற்ற ஊர்களைப் போன்றதுதான் எங்கள் ஊரும். பிறகு ஏன் எங்களிடம் மட்டும் கொண்டுவந்து கொட்டுகிறீர்கள் என்றே கேட்டார்கள். குப்பைக் கிடங்கை அவர்களால் தடுக்க முடியவில்லை. ஆனால் அக்கேள்வியிலிருந்து ஒரு புதிய இயக்கமே கிளம்பியது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 1983இல் தென் மாநிலங்களின் நச்சுக் கிடங்குகள் எங்கெங்கே அமைந்துள்ளன என்று ஆராய்ந்தது. ஐக்கிய கிறிஸ்து திருச்சபையின் இனநீதி ஆணையம் 1987இல் நாடு முழுவதற்குமான அறிக்கையை வெளியிட்டது. 1994 பிப்ரவரியில் அதிபர் கிளின்டன் சூழல் நீதிக்கான ஆணையில் கையெழுத்திட்டார்.

1990இல் தென்மேற்கு மாநிலங்களைச் சேர்ந்த சூழல் நீதி ஆர்வலர்கள், சியரா கிளப் உள்ளிட்ட பெரிய அமைப்புகளுக்கு எழுதிய கடிதம் இங்கே நினைவுக்கு வருகிறது. உங்கள் பணியாளர்களில் எங்கள் மக்கள் எத்தனை பேர், எங்களுக்காக என்று சொல்லிக்கொண்டு எங்களைக் கேட்காமலேயே எடுத்த முடிவுகள் எத்தனை என்ற தொனியில் அமைந்த கடுமையான கடிதம் அது. அந்தக் கடிதம் சென்ற நான்கு ஆண்டுகளில் காக்ஸ் தலைவரானார். தம் பாடநூலில் இந்தக் குற்றச்சாட்டுகளை அவர் மறைக்கவில்லை. கருத்துக் கேட்புக் கூட்டங்களில் ஏழை மக்கள் குரலை உயர்த்தினால், அழுதால், தங்கள் குழந்தைகளின் நோயைப் பற்றிச் சொன்னால், அது அவைக்கு அடக்கமில்லாத பேச்சு என்று அதிகாரிகளும் நிபுணர்களும் ஒதுக்கிவிடுவதை அந்த நூல் தனியே எடுத்து ஆராய்கிறது. சொல்வன்மையைக் கற்பிக்கும் ஒருவர், எது நல்ல பேச்சு என்று தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வியைத் தம் துறையின் மீதே திருப்புவது சிறிய காரியமன்று. தலைவர் நாற்காலியில் அமர்ந்து, குற்றம் சாட்டியவர்களோடு எதிரெதிரே பேச நேர்ந்த அனுபவம் இல்லாமல் இந்தப் பகுதி எழுதப்பட்டிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். களத்தில் நின்றவரின் எழுத்து கெட்டுப்போகும் என்று அஞ்சும் கட்டுரையாளர் இந்த அத்தியாயத்தைப் படித்துப் பார்க்கலாம்.

அதே நூலில் வரும் சூனி உப்பு ஏரிப் போராட்டம் இன்னும் நெருக்கமான பாடம். நியூ மெக்சிகோ மாநிலத்தின் மேற்கே, வறண்ட நிலத்தின் நடுவில் ஓர் எரிமலை வாயில் அமைந்த ஆழமற்ற ஏரி அது. கோடையில் நீர் வற்றும்போது உப்பு பூக்கும். சூனி என்னும் பழங்குடி மக்களுக்கு அது உப்பு அன்னை உறையும் இடம். சூனிகளோடு ஹோப்பி, அகோமா, லகூனா, நவாஹோ, அப்பாச்சி மக்களும் தலைமுறை தலைமுறையாக யாத்திரை வந்து அங்கே உப்பெடுத்திருக்கிறார்கள். ஏரியைச் சூழ்ந்த நிலத்தில் எத்தனை பகை இருந்தாலும் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட வேண்டும் என்பது மரபு. அரிசோனாவின் பெரிய மின்சார, நீர் நிறுவனங்களுள் ஒன்றான சால்ட் ரிவர் புராஜெக்ட், ஏரிக்கு அருகே ஃபென்ஸ் லேக் என்ற இடத்தில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் அமைக்கவும், அங்கிருந்து தன் அனல்மின் நிலையத்துக்கு ரயில் பாதை போடவும் திட்டமிட்டது. மேலே சொன்ன நவாஹோ அனல்மின் நிலையத்தை இயக்கியதும் இதே நிறுவனம்தான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை இறைத்தால் ஏரி வற்றிவிடும் என்பது சூனிகளின் அச்சம். ரயில் பாதை யாத்திரைத் தடங்களையும் முன்னோரின் புதைகுழிகளையும் வெட்டிக்கொண்டு போகும் என்பது இன்னொன்று. 2002இல் அமெரிக்க அரசில் நிலத்தையும் கனிம வளத்தையும் கவனிக்கும் உள்துறை அனுமதி கொடுத்துவிட்டது.

அனுமதி கிடைத்த பின் போராடி என்ன பயன் என்று பலரும் கைவிட்டிருப்பார்கள். சூனிகளும், சியரா கிளப் உள்ளிட்ட சில அமைப்புகளும் சேர்ந்த கூட்டணி கைவிடவில்லை. இந்தக் கூட்டணி செயல்பட்ட விதத்தைக் காக்ஸ் தம் நூலில் மூன்று கேள்விகளைக் கொண்டு விளக்குகிறார். நமக்குத் துல்லியமாக வேண்டியது என்ன? அதைத் தரக்கூடிய அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அவரைப் பதில் சொல்ல வைக்கக்கூடியவர்கள் யார்? அவரை இணங்க வைக்கக்கூடியது எது? நிலக்கரி வேண்டாம் என்றோ பழங்குடிப் பண்பாட்டை மதியுங்கள் என்றோ பொத்தாம்பொதுவாகக் கேட்காமல், இந்த நிறுவனம் இந்தச் சுரங்கத் திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற ஒரே கோரிக்கையை வைத்தார்கள். அனுமதி தந்துவிட்ட அரசைவிட, செலவைக் கணக்குப் பார்க்கும் நிறுவனத்தின் தலைமையே முடிவெடுக்கக்கூடிய இடம் என்று கண்டார்கள். நீரியல் ஆய்வுகளைத் திரட்டினார்கள், வழக்குக்கு ஆயத்தமானார்கள், அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் வாழும் நகரத்திலேயே ஏரியின் கதையைச் சொன்னார்கள். பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளை 2003இல் நாட்டில் அழியும் ஆபத்துக்கு மிகவும் உள்ளான பதினோரு இடங்களுள் ஒன்றாக அந்த ஏரியை அறிவித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. வேறிடத்து நிலக்கரி மலிவாகக் கிடைப்பதே காரணம் என்று நிறுவனம் சொன்னதும் உண்மைதான். தாமதத்தையும் செலவையும் கூட்டிக்கொண்டே போனால் மலிவு எது என்ற கணக்கும் மாறும் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த அறிவிப்பு வியப்பளிக்காது.

இங்கே ‘போனால் திரும்பாதது’ என்ற வாதம் மீண்டும் வருகிறது. ஆனால் இம்முறை அதைச் சொன்னவர்கள் அந்த நிலத்துக்கு உரியவர்களே. கிராண்ட் கேன்யனில் தொடங்கி வாரன் கவுன்ட்டி வழியாகச் சூனி ஏரி வரையிலான தூரம்தான் அமெரிக்கச் சூழல் வாதம் நடந்து வந்த தூரம் என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

2007இல் சூழல் தொடர்பியலுக்கென ஒரு தனி ஆய்விதழ் தொடங்கப்பட்டபோது அதன் முதல் இதழில் காக்ஸ் எழுதிய கட்டுரைதான் தங்கள் கட்டுரையாளரின் கேள்வியை நேருக்கு நேர் சந்திக்கிறது. பாதுகாப்பு உயிரியல் ஒரு ‘நெருக்கடித் துறை’, எல்லாத் தகவலும் கைக்கு வரும் வரை அதனால் காத்திருக்க முடியாது என்று உயிரியலாளர் மைக்கேல் சூலே 1985இல் எழுதியிருந்தார். புற்றுநோயை ஆராய்பவர் நோயின் தரப்புக்கும் நோயாளியின் தரப்புக்கும் நடுவில் நிற்பதில்லை அல்லவா, அது போன்ற நிலைதான் இது. சூழல் தொடர்பியலுக்கும் அத்தகைய அறக்கடமை உண்டு என்று காக்ஸ் வாதிட்டார். சூழல் தரும் எச்சரிக்கைகளுக்குச் சமூகம் உரிய வகையில் பதில் சொல்லும் திறனை வளர்ப்பது, தகவலும் முடிவெடுக்கும் அவைகளும் மக்களுக்குத் திறந்திருக்க வழிசெய்வது, அந்தத் திறனை முடக்கும் பேச்சையும் நடைமுறையையும் அம்பலப்படுத்துவது ஆகியவை அந்தக் கடமையின் கூறுகள் என்றார். சக அறிஞர்கள் எல்லோரும் இதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. நெருக்கடி என்ற சொல்லையே துறையின் அடையாளமாக்கினால் பொறுமையான ஆய்வுக்கு இடமிருக்காது என்பது போன்ற ஐயங்கள் எழுந்தன. தமது தரப்பை வெளிப்படையாக முன்வைத்துச் சகாக்களின் மறுப்புக்கு உட்படுத்தியதைத்தான் நான் நேர்மை என்கிறேன். தரப்பை உள்ளே வைத்துக்கொண்டு நடுநிலை என்று வெளியே எழுதுபவர்களை நம் கல்லூரிகளிலும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

2010இல் எழுதிய இன்னொரு கட்டுரையில் அவர் தம் தரப்பினரையே விமர்சித்தார். காலநிலை மாற்றத்தைச் சரியான சட்டகத்தில் வைத்துப் பேசிவிட்டால் மக்கள் மனம் மாறிவிடும் என்ற நம்பிக்கை அப்போது சூழல் அமைப்புகளில் பரவியிருந்தது. நல்ல சொற்களைத் தேடுவதோடு நின்றுவிடக் கூடாது, எந்த இடத்தில் அழுத்தினால் அமைப்பு முழுவதும் அசையும் என்று கண்டறிய வேண்டும் என்றார் காக்ஸ். புதிய அனல்மின் நிலையங்களை ஒவ்வொன்றாகத் தடுக்க முனைந்த சியரா கிளப்பின் நிலக்கரி எதிர்ப்பு இயக்கத்தை அதற்கு எடுத்துக்காட்டினார். சொல்வன்மைப் பேராசிரியர் ஒருவர் சொல் மட்டும் போதாது என்று எழுதியது எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் இந்த எடுத்துக்காட்டிலேயே ஒரு கறையும் உண்டு. அந்த இயக்கத்துக்காக 2007 முதல் 2010 வரை 2.5 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை, செசபீக் எனர்ஜி என்ற இயற்கை எரிவாயு நிறுவனத்திடமிருந்தும் அதனோடு தொடர்புடையவர்களிடமிருந்தும் கிளப்புக்கு வந்தது 2012இல் வெளியே தெரிந்தது. நிலக்கரியை வீழ்த்தினால் சந்தை தங்களுக்கு என்பது எரிவாயு நிறுவனத்தின் கணக்கு. பாறைப் பிளவு முறையில் எரிவாயு எடுப்பதை எதிர்த்துக் கிளப்பின் உள்ளூர்க் கிளைகள் போராடிக்கொண்டிருந்த காலம் அது. தங்களுக்குத் தெரியாமல் நடந்ததை அறிந்த உறுப்பினர்கள் கொதித்தார்கள். அந்தப் பணம் வரத் தொடங்கிய காலம் காக்ஸின் மூன்றாவது தலைமைக் காலத்தோடு ஒட்டியிருக்கிறது. புதிய நிர்வாக இயக்குநர் மைக்கேல் புரூன் 2010இல் அந்தப் பணத்தை நிறுத்தினார். தங்கள் கட்டுரையாளர் இதை அறிந்திருந்தால் தம் வாதத்துக்கு வலுவான சான்றாகக் காட்டியிருப்பார். காட்டட்டும். ஆனால் இது எதற்குச் சான்று என்று யோசிக்க வேண்டும். தரப்பு எடுத்ததால் வந்த கேடு இது என்று நான் கருதவில்லை. பணம் எங்கிருந்து வந்தது என்பதை மறைத்ததால் வந்த கேடு. ஆய்வுக் கூடங்களும் துறைகளும் யாரிடம் பணம் வாங்குகின்றன என்று வெளிப்படையாகச் சொல்லும் விதி, இயக்கத்தில் உள்ள பேராசிரியருக்கும் வேண்டும், இயக்கத்தில் இல்லாத பேராசிரியருக்கும் வேண்டும்.

நடுநிலை பற்றிப் பேசும்போது எதிர்த் தரப்பையும் ஒரு கணம் பார்ப்போம். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனங்களின் கூட்டமைப்பைச் சுற்றி 1998இல் தயாரான ஒரு செயல்திட்டக் குறிப்பு, காலநிலை அறிவியலில் நிச்சயமின்மை இருக்கிறது என்று சாதாரண மக்கள் எண்ணத் தொடங்குவதையே வெற்றியின் அடையாளமாக வகுத்திருந்தது. குடியரசுக் கட்சியின் ஆலோசகர் ஃபிராங்க் லண்ட்ஸ், அறிவியலாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை என்ற எண்ணத்தைத் தொடர்ந்து நிலைநிறுத்துமாறு தம் கட்சியினருக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். சொல்வன்மையின் எல்லா நுட்பங்களும் தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். அதே நுட்பங்களைக் கற்றுத் தேர்ந்த ஆசிரியர், ஊர் மக்கள் பக்கம் சம்பளமில்லாமல் போய் உட்கார்ந்தால் மட்டும் ஆய்வின் தூய்மை கெட்டுவிடும் என்பது விந்தையான அளவுகோல்.

நம் பக்கத்திலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. கேரளத்தின் குந்திப்புழையில் அணை கட்டவிருந்த அமைதிப் பள்ளத்தாக்குத் திட்டத்தை எதிர்த்து முதலில் மக்களிடையே எடுத்துச் சென்றவர்களில் ஒருவர், தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் அதை ஊர் ஊராகக் கொண்டுசென்றது; 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. அந்தப் பேராசிரியர் தாவரவியலைக் குறைத்துக் கற்பித்தார் என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் அவர் தாவரங்களை அறிந்தவர்; காக்ஸ் வாதங்களை அறிந்தவர். முதல் வகையினர் நம்மிடம் சிலர் உண்டு. இரண்டாம் வகையினரை நம் இதழியல், தொடர்பியல் துறைகள் உருவாக்கவே இல்லை. விளம்பரம் எழுதவும் ஒளிப்பதிவு செய்யவும் கற்றுக்கொடுக்கிறோம். அணை, சுரங்கம், ஆலை பற்றிய ஓர் அறிக்கையை எடுத்துவைத்து அதில் எந்த வாதம் எங்கே நழுவுகிறது என்று காட்டுவதில்லை.

இந்தத் துறைக்கும் நமக்கும் உள்ள உறவு வெறும் ஒப்பீடு அன்று. 1984 டிசம்பரில் போபால் நகரில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தின் மேற்கு வர்ஜீனிய ஆலையிலும் கசிவு ஏற்பட்டபோது அமெரிக்கர்கள் விழித்துக்கொண்டார்கள். 1986இல் அந்நாடு இயற்றிய சட்டத்தின்படி, ஆலைகள் வெளியேற்றும் நச்சுப் பொருள்களின் பட்டியல் ஆண்டுதோறும் மக்கள் பார்வைக்கு வர வேண்டும். காக்ஸ் முதலானோர் மக்களின் அறியும் உரிமை பற்றி எழுதும்போது அடிப்படையாகக் கொள்ளும் சட்டம் இதுவே. நம் நாட்டில் செத்தவர்களால் அங்கே கிடைத்த உரிமை அது. அந்த அளவுக்கான ஒரு பொதுப் பட்டியல் நமக்கு இன்னும் வாய்க்கவில்லை.

நமக்கு வாய்த்திருப்பது 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது முப்பது நாள் முன்னதாக ஒரு தேசிய நாளேட்டிலும் ஒரு வட்டார மொழி நாளேட்டிலும் அறிவிப்பு வர வேண்டும் என்றும், அறிக்கையின் சுருக்கம் மாநில மொழியில் கிடைக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. 2020இல் வந்த வரைவு அந்தக் கால அளவை இருபது நாளாகக் குறைக்க முனைந்தது. அந்த வரைவே முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியாகி, அதை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகள் அனைத்திலும் பெயர்க்குமாறு டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட நேர்ந்தது. அந்த அறிவிப்புகள் தங்கள் நாளிதழிலும் கட்டண விளம்பரமாக வருகின்றன. பொடி எழுத்தில், உட்பக்கத்தில், ஏல அறிவிப்புகளுக்கும் ஒப்பந்தப்புள்ளிகளுக்கும் நடுவே அவை கிடக்கும்.

ஆகவே என் வேண்டுகோள் கட்டுரையாளரிடம் அல்ல, ஆசிரியராகிய தங்களிடம். அத்தகைய ஒரு விளம்பரம் வரும் நாளில், அந்தத் திட்டம் எங்கே வருகிறது, என்ன ஆலை அல்லது சுரங்கம், கூட்டம் எந்தத் தேதியில் எந்த இடத்தில், அறிக்கையை எந்த அலுவலகத்தில் பார்க்கலாம் என்ற விவரங்களை மாவட்டச் செய்திப் பக்கத்தில் நான்கு வரிச் செய்தியாகவும் தாருங்கள். கூட்டம் முடிந்த பின், மக்கள் எழுப்பிய கேள்விகளையும் அவற்றுக்குத் திட்டத்தார் சொன்ன பதில்களையும் அருகருகே வெளியிடுங்கள். அறிக்கையைப் படித்து அதன் வாதங்களைப் பிரித்து எழுதத் தொடர்பியல் ஆசிரியர்களும் மாணவர்களும் வேண்டுமென்றால் எங்கள் கல்லூரிகளில் கேளுங்கள். அவர்கள் எந்தத் தரப்பில் நின்று எழுதுகிறார்கள் என்பதையும் கட்டுரையின் அடியிலேயே ஒரு வரியில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்,
மதுரை.